ரெண்டு தடவை அழுத்துகிறவள்

என் வீட்டு மகாராணிக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? என் தொப்பை பரம சௌக்கியம்.

இன்று காலை, நின்றுகொண்டே பேசும் எங்கள் தினசரிக் கூட்டத்தில் சின்னக் கலாட்டா. நோயாளிக்கு மருந்து ஏற்றும் கருவியின் மென்பொருளை இன்றே அனுப்ப வேண்டுமாம். அதைச் சோதிக்கும் டெஸ்டர் நான் 'சரி' சொன்னால்தான் அது நகரும். கருவியின் பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன். மருந்து இரட்டிப்பாக ஏறியது. முடியாது என்றேன்.

"எவண்ணே ரெண்டு தடவை அழுத்துவான்?" என்று சீறினான் புரோகிராமர்.

"என் பொண்டாட்டி அழுத்துவா. லிஃப்ட் பட்டனையே விடாம குத்துறவ!"

மேனேஜர் சிரிக்காமல், தன் அறைக்கு வரச் சொன்னார். அந்த அறை வாசலில் காத்திருந்தபடி இதை எழுதுகிறேன். வேலையே போனாலும் 'சரி' வராது, நீ பயப்படாதே.

சாயங்காலம் போன் பண்ணு. நான் எடுக்கத் தயங்கினால், உன் வழக்கப்படி விடாமல் அழுத்து. கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் அசட்டுப் புருஷன்