அழுக்குக்கு ஓர் உதாரணம்

மார்ச் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமா? அலுவலகத்தில் நாங்கள் தொகுக்கும் அகராதி 'அழுக்கு' வரை வந்து நிற்கிறது. அழுகுதலிலிருந்து பிறந்த சொல் என்கிறார் ஒருவர், இன்னொருவர் ஒப்பவே மாட்டேன் என்கிறார். பழைய நூல்களில் பொறாமைக்கே அழுக்காறு என்று பெயர். வீட்டுப் பேச்சில் எப்படிப் புழங்குகிறீர்கள் என்று ஓர் உதாரணம் அனுப்பேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு நாலு வரி எழுதக்கூட உனக்குக் கை வலிக்கிறது!

உன் அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அவர் படித்த பிறகுதான் கொடுத்தார். வெளியே பூட்டிவிட்டுப் போவதால், இதை ஜன்னல் வழியாக மாடிவீட்டு டீச்சரிடம் கொடுக்கிறேன்.

உதாரணம் கேட்டாயே. ஆபீஸிலிருந்து வந்ததும் ஜன்னல் கம்பியை வெள்ளைக் கைக்குட்டையால் துடைப்பார். கறுப்பாக வந்தால், "பகல் பூரா யாரப் பாத்துக்கிட்டு நின்ன?" என்பார். அதே கைக்குட்டையால் என் கன்னத்தைத் தேய்த்து, "இந்த அழுக்கு போகவே போகாது" என்பார். தேய்த்த இடம் எரிகிறது. பயமாக இருக்கிறது, அக்கா. ஒரு தடவை வந்து போயேன்.

சின்னவள்


மார்ச் 20

அன்புள்ள சின்னவளுக்கு,

உதாரணம் அருமை! ஆளைக் குறித்து இப்படி வருவது அபூர்வம். அகராதி அட்டையில் எழுதிக்கொண்டேன். பூட்டுவது உன் பாதுகாப்புக்காக இருக்கும். நீ பல்லிக்கே பயப்படுகிறவள்தானே! 'அ' முடிந்ததும் வருகிறேன். இன்னும் இரண்டு உதாரணம் அனுப்பு.

உன் அக்கா


ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

சின்னவளுக்கு வரும் கடிதத்தையும் பிரிப்பவர் நீங்கள்தான் என்பதால் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

அவள் அனுப்பிய உதாரணத்தை எங்கள் அலுவலகத்தில் பெருமையாக வாசித்தேன். தட்டச்சு செய்கிற அம்மாள், "இத எழுதின பொண்ணு உசுரோட இருக்காளா?" என்று கேட்டார். அன்றே ரயில் ஏறினேன்.

உங்கள் பூட்டை உடைத்தது நான்தான், வேறு யாரையும் கேட்க வேண்டாம். அவள் என்னோடு இருக்கிறாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் ஓடி ஒளிகிறாள். எனக்கும் பயம்தான், தாழ் போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எத்தனை தட்டினாலும் திறக்க மாட்டேன்.

பொறாமைக்கு அழுக்காறு என்று பெயர் வைத்தவர்கள் உங்களைப் போல ஒருவரைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

உங்கள் கைக்குட்டை ஒன்று அவள் துணிகளோடு வந்துவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது அவள் கன்னத்து ரத்தம். துவைக்கவில்லை.

சின்னவளின் அக்கா