கடைசி நாள் காய்ச்சல்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பாஸ்போர்ட் படம் மட்டும் பதினொன்று. "சிரிக்காதீங்க, நேரா பாருங்க, காது தெரியணும்." ஜனங்களைச் சிரிக்காதே என்று சொல்லியே பிழைப்பை ஓட்டுகிற ஆள் இந்தத் தெருவில் நான் ஒருத்தன்தான்.

மத்தியானம் ஸ்டூடியோவுக்கு ஒரு போன். எடுத்தது என் மனைவி. திரைப்படச் சங்கத்துச் செயலாளராம். அந்தத் தபால்காரர் படம் வந்து முப்பது வருஷம் ஆகிறதாம். இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் பெரிய திரையில் போடுகிறார்களாம். கேமராக்காரர் வந்து பேசப்போகிறார். "உங்க வீட்டுக்காரரும் அந்த யூனிட்ல இருந்தாராமே, அவசியம் வரணும்."

"ரெண்டு பேரும் வர்றோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். இவளுக்கு நீதிபதி என்று நான் சும்மாவா பெயர் வைத்தேன்? வாதம் பிரதிவாதம் எதுவும் கிடையாது. தீர்ப்புதான்.



மார்ச் 5, புதன்

சாப்பிட உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள். "இந்தத் தடவை கேமராக்காரரையே பிடிச்சுக் கேட்டுடறேன். வந்தது அவர்தானேன்னு."

முப்பது வருஷமாக இதே வழக்கு. படத்தில், கடிதத்தைப் பிரித்துப் படித்தார் என்று தபால்காரர் மேல் பழி வருகிறது. அவமானம் தாங்காமல் ஒரு காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அவர் மனைவி ஒரு வருஷம் காத்திருக்கிறாள். கடைசிக் காட்சியில் இரண்டு தட்டு எடுத்து வைக்கிறாள். வெளியே சைக்கிள் மணி. தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். அவ்வளவுதான், திரை இருட்டு.

வந்தாரா, வரவில்லையா? அந்த நாளில் இதைப் பேசாத டீக்கடை உண்டா! தியேட்டர் வாசலில்தான் இவளை முதன்முதலில் பார்த்தேன். அழுது வீங்கிய கண்ணோடு, முன்பின் தெரியாத நாலு ஆண்களை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். "மணியைக் கேட்டீங்களா இல்லையா? நீளமா ஒண்ணு, குட்டையா ஒண்ணு. படம் முழுக்க அவர் ஒருத்தர்தான் அப்படி அடிப்பார். வேற யாரு வருவா?"

நான் வாயைக் கொடுத்தேன். "அந்தப் படத்துல நான் கேமரா அசிஸ்டென்ட்."

நாலு ஆண்களையும் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்போ உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க, வந்தாரா?"

அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு எதைச் சொல்ல? "கடைசி நாள் எனக்குக் காய்ச்சல். நான் போகலை" என்றேன்.

காய்ச்சலாவது கத்திரிக்காயாவது!

மார்ச் 8, சனி

பழசெல்லாம் வருகிறது. கல்யாணமான புதிதில் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் அந்தப் படத்தைப் பற்றி ஏதோ சொல்ல, இவள் அவரோடு வாதாடி, நாங்கள் இறங்கவேண்டிய இடம் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டோம். வெயிலில் நடந்து திரும்பினோம். வழியெல்லாம் அவள் பேச்சு, என் கையில் அவள் செருப்பு (வார் அறுந்துவிட்டது). எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் அன்று!

மகள் பிறந்து, வளர்ந்து, படத்தைப் பார்த்துவிட்டு, "வரலைம்மா. சைக்கிளை யார் வேணா ஓட்டலாம்" என்றாள். இரண்டு நாள் அம்மாவும் பெண்ணும் பேசவில்லை. நடுவில் நான். "நீங்க என்னப்பா சொல்றீங்க?" "எனக்கு அன்னைக்குக் காய்ச்சல்மா."

ஒரு பொய் எத்தனை வருஷம் உழைக்கிறது பாருங்கள். நான் வாங்கிய எந்தக் கேமராவும் இப்படி உழைத்ததில்லை.

மார்ச் 10, திங்கள்

கேமராக்காரர் போன் செய்தார். எழுபத்தெட்டு வயது, குரல் மட்டும் அப்படியே.

"டேய் டப்பா, நல்லா இருக்கியா?"

முப்பது வருஷமாக என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கண் கலங்கிவிட்டது.

"நல்லா இருக்கேன்ணே."

"டைரக்டரும் போய்ச் சேர்ந்துட்டார். எனக்கும் வயசாச்சு. மேடையில அந்த டப்பா விஷயத்தைச் சொல்லிடலாம்னு இருக்கேன். உன்னை மாட்டிவிட மாட்டேன். யாரோ ஒரு அசிஸ்டென்ட்னுதான் சொல்லுவேன்."

யாரோ ஒரு அசிஸ்டென்டா! இருந்ததே நான் ஒருத்தன்.

மார்ச் 11, செவ்வாய்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

எடுத்து முடித்த பிலிமைக் கருப்புப் பைக்குள் கைவிட்டு, தடவித் தடவி டப்பாவில் போட்டு மூடி, சுற்றிலும் டேப் ஒட்டவேண்டும். டேப் இருந்தால் படம் எடுத்த டப்பா, இல்லாவிட்டால் காலி. இதுதான் எங்கள் வேதம். கடைசி நாள், கடைசி ஷாட் முடிந்தது. உள்ளே சுற்றி வைக்கும் கருப்புக் காகிதமும் தீர்ந்துபோயிருந்தது. பிலிமை அப்படியே டப்பாவில் போட்டு மூடினேன். டேப்பைக் கிழிக்கும்போது, "டேய், கேமரா ஓடுற தண்டவாளத்தைத் தூக்க ஆள் வேணும்" என்று குரல். ஓடினேன். திரும்பி வந்து, மிச்சம் இருந்த பிலிமைப் போட ஒரு காலி டப்பா தேடினேன். டேப் இல்லாத டப்பா ஒன்று கண்ணில் பட்டது. முற்றத்து வெயிலில் நின்று திறந்தேன்.

உள்ளே சுருள் பளபளவென்று இருந்தது.

ஒரு நொடிதான். மூடிவிட்டேன். ஆனால் கடைசியாக எடுத்தது சுருளின் மேல் சுற்றில்தானே இருக்கும்? வெளிச்சம் பட்டு, கதவு திறக்கிற ஷாட் வெந்துவிட்டது. மறுநாள் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள், திரும்ப எடுக்க வழியில்லை. டைரக்டர் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, மணியோடு படத்தை முடித்தார். என்ன துணிச்சலான முடிவு என்று பத்திரிகைகள் கொண்டாடின. கேமராக்காரர் என்னை டைரக்டரிடம் காட்டிக்கொடுக்கவில்லை. நானாகவே சினிமாவை விட்டு வந்துவிட்டேன்.

கதவுக்கு வெளியே யார் நின்றார் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 13, வியாழன்

ஏன் சொல்லவில்லை? கோழை என்பதால் மட்டுமில்லை.

இவளுக்குப் பதினோரு வயதில் இவள் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வரவேயில்லை. இவள் அம்மா தினமும் அவருக்கும் ஒரு தட்டு வைத்தாளாம். ஒருநாள் வைக்கவில்லை. "அன்னைக்குத்தாங்க அப்பா போனார்" என்று கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை சொன்னாள். "எங்க வீட்டுலதான் வரலை. அந்த வீட்டுலயாவது வரட்டுமே."

இதைக் கேட்டபிறகு எந்த வாயால் சொல்வேன்? ஆனால் இப்போது சங்கத்து நாற்காலியில், நூறு பேர் நடுவே, மைக்கில் கேட்கப் போகிறாள். அதைவிடக் கொடுமை உண்டா?

மார்ச் 14, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ள என் நீலச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை."

"என்னைக்கு?"

"கடைசி நாள்."

ஊசி நின்றது. டப்பா, டேப், வெயில் எல்லாம் சொன்னேன். யார் வந்தார் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"அப்போ இத்தனை வருஷமா நான் ஊர்ல எல்லார்கிட்டயும் கத்திக்கிட்டு இருந்ததை வேடிக்கை பார்த்திருக்கீங்க. பெத்த பொண்ணுகிட்ட மல்லுக்கு நின்னேனே... பக்கத்துல உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க."

"சிரிக்கலை."

"சிரிச்சீங்க."

சிரித்திருக்கிறேன். அவள் வாதாடும்போது மூக்கு நுனி சிவக்கும், அதைப் பார்த்து. இதை இப்போது சொன்னால் எடுபடுமா? எழுந்து போய்விட்டாள். சட்டையில் ஊசி தொங்கிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

சாப்பாடு வந்தது. பேச்சு வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மகளிடம் போனில் பேசினாள். நான் உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். சட்டை ஆணியில் அப்படியே. ஊசியும் அப்படியே. இருபத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு அமைதியாக இந்த வீடு இருந்ததில்லை, தாங்க முடியவில்லை.

மார்ச் 20, வியாழன்

துணி காயப்போட்டுக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள். "யாரு நின்னாங்க?"

"புதுத் தபால்காரர். சைக்கிள் அதேதான், அவர் போறப்போ ஆபீஸ்ல விட்டுட்டுப் போனது. கையில ஒரு கடிதம்."

ரொம்ப நேரம் ஒரே துண்டை உதறிக்கொண்டிருந்தாள்.

"அவர் சைக்கிளை வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்களா?" செத்தவருக்கு வருத்தப்படுகிற மாதிரிதான் கேட்டாள். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தா அழுதிருப்பேன். அழுது முடிச்சிருப்பேன்."

மன்னிப்புக் கேட்டேன். கொடியில் துண்டைப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மார்ச் 22, சனி

சட்டை நாற்காலியில் மடித்து இருந்தது. பொத்தான் தைத்திருந்தது. ஆனால் கூட வரவில்லை. "நீங்க போங்க" என்றாள். தனியாகப் போய் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்தபிறகு இரண்டு வரிசை முன்னால் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். அந்தக் கொண்டையை எனக்குத் தெரியாதா?

தட்டு வைக்கிறாள். மணி. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. இருட்டு.

கேமராக்காரர் டப்பா கதையைச் சொன்னார். கூட்டம் உச்சுக் கொட்டியது. "யார் சார் அந்த அசிஸ்டென்ட்?" என்று ஒருவர் கேட்க, அவர் தண்ணீர் குடித்தார். நான் எழுந்துவிட்டேன். 

"நான்தான்."

"கதவுக்கு வெளியே யார் சார் நின்னாங்க?" கல்லூரி மாணவி ஒருத்தி. இரண்டு வரிசை முன்னால் இவள் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் இறுகியது.

"அந்த ஷாட்ல இருந்தது புதுத் தபால்காரர். ஆனா அது எரிஞ்சு போச்சு. படத்துல இருக்கிறது மணி மட்டும்தான். அதை அடிச்சது நான்."

சபை சிரித்தது. நான் விடவில்லை. "அந்தம்மா நிமிர்ந்து பார்க்கிறதுக்காக, வெளியில நின்னு சும்மா ஒரு தரம் அடிடான்னுதான் டைரக்டர் சொன்னார். நாற்பது நாள் தபால்காரரா நடிச்சவர் அடிக்கிறதைக் கேட்டுக் கேட்டு என் கை அப்படியே நீளமா ஒண்ணு, குட்டையா ஒண்ணு அடிச்சிடுச்சு. டைரக்டர் என்னை முறைச்சார். அப்புறம், இருக்கட்டும்னுட்டார். வெளியில யார் இருந்தாங்கன்னு கேட்டா... நான்தாம்மா இருந்தேன்."

இதை இவளிடம்கூடச் சொன்னதில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை, சொல்ல ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை.

இவள் அப்போதுதான் திரும்பினாள்.

பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சரியான நிறுத்தத்தில் இறங்கினோம்.

மார்ச் 24, திங்கள்

பாஸ்போர்ட் படம் ஆறு. ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே இருந்தது. போகட்டும் என்று அப்படியே எடுத்தேன், அப்புறம் திட்டு வாங்கித் திரும்ப எடுத்தேன்.

சாயங்காலம் வீட்டு வாசலில் நின்றேன். சாவி சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. அழைப்பு மணியை அழுத்தினேன். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று.

உள்ளே மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள் போல. குரல் கேட்டது. "இருடி, வந்துட்டார்."

கதவு திறந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். புறங்கையை என் கழுத்தில் வைத்தாள்.

"காய்ச்சல் விட்டுடுச்சா?" என்றாள்.