துக்க வீட்டில் சர்க்கரைப் பாகு

லமீஸ், நீ அயர்ந்து தூங்குகிறாய். எழுப்ப மனம் வரவில்லை. மொச்சை அடுப்பில் இருக்கிறது. சாப்பிடு.

நேற்று நீ கால் மழித்த என் ரேஸரில் ரத்தத்தைப் பார்த்ததும் கத்திவிட்டேன். "அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகல, அதுக்குள்ள அலங்காரமா?" என்றேன். "ஸ்கூல்ல எல்லாரும் என் காலையே பாக்கறாங்கப்பா" என்றாய்.

காலையில் நஜ்லா பெரியம்மாவுக்கு போன் செய்தேன். துக்க வீட்டில் காலில் ஒட்டி முடி எடுக்கச் சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்துப் பாகு காய்ச்சுவது வழக்கமில்லை என்று தெரிந்துதான் கேட்டேன். "இதைக் கேக்க உனக்கு எட்டு மாசமாச்சா தம்பி? எலுமிச்சம்பழம் வாங்கி வை, வரேன்" என்றார். நான்கு மணிக்கு வருவார்.

பாகு நன்றாக ஆறிய பிறகுதான் காலில் வைக்க வேண்டும். முதலில் ஓரிடத்தில் கொஞ்சம் போட்டுப் பார். வெட்டுக்காயம் ஆறும்வரை அந்தப் பக்கம் வேண்டாம். பிறகு பச்சைத் தண்ணீரில் கழுவு. இன்று வெந்நீரும் வாசனைக் கிரீமும் கூடாது. அடுத்தவர் ரேஸரை இனித் தொடாதே.

மாடிப்படியில் பக்கத்து வீட்டு உம்மு ஹஸன் ஏதாவது சொன்னால், அப்பாதான் செய்யச் சொன்னார் என்று சொல்.

இருட்டும்வரை கடலோரம் இருப்பேன். முன்பெல்லாம் பாகு காய்ச்சும் நாளில் அம்மாவும் பெரியம்மாவும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பது கூடம்வரை கேட்கும். இன்று விடியலிலும் கேட்டது போலிருந்தது, அசையாமல் படுத்திருந்தேன். உள்ளே என்ன சிரிப்பு என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

அப்பா

சமையலறைச் சன்னலைத் திறக்காதே. பாகு வாசனை நான் வரும்வரை இருக்கட்டும்.