எனக்கு வைத்த பூசை

ஜூலை 3, வியாழன்

புழுக்கம். ஸ்கேன் சென்டரில் ஏசி மறுபடி ஒழுகுகிறது. என் டோக்கன் கவுன்டருக்கு அடியில் வாளி.

பத்தாம் வகுப்புத் தோழிகள் சந்திப்பு, ஞாயிறு. காலையில் சர்ச்சில் பூசை, பிறகு மயிலாப்பூரில் ஹால் சாப்பாடு. தி.நகரில் மொத்தமாக எடுத்த மயில்கழுத்து நிறச் சேலை, எல்லோருக்கும் ஒன்றே. ஐம்பதை நெருங்கும் வயசில் யூனிஃபார்ம். கேவலம்.

யாரோ அனுப்பிய லிங்க் வழியாக வாட்ஸப் குழுவில் சேர்ந்து மூன்று வாரம். ஒரு வார்த்தை எழுதவில்லை. நம்பர் என் கணவர் பெயரில், படம் வேளாங்கண்ணி மாதா. யாருடைய வீட்டுக்காரரோ என்று விட்டுவிட்டார்கள்.

பயம் ஒன்றுதான். "டாக்டரம்மா, இப்ப எந்த ஆஸ்பத்திரி?" முதல் ராங்க், வகுப்பு லீடர், டாக்டர் ஆவாள் என்று ஸ்கூல் சிஸ்டர் வாயாலேயே சொன்ன பிள்ளை. இன்று அடையாறில் உட்கார்ந்து, "நம்பர் பதினாலு, யூரின் முட்டுதா?" என்று கேட்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

வாங்க: து. பருப்பு, அவர் பிரஷர் மாத்திரை, சலவை சோப்பு.

நான் இறந்துவிட்டேன். க்ளோரி குழுவில் அறிவித்திருக்கிறாள். இந்தக் கூத்துக்கெல்லாம் அவள்தான் தலைவி, என் கணக்கைப் பார்த்து எழுதிப் பாஸானவள். "நம்மை விட்டுப் பிரிந்த ஆரோக்கிய மேரியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஞாயிறு பூசை." மேலே என் படம். இரட்டைச் சடை, லீடர் பேட்ஜ்.

கீழே வரிசையாகக் கும்பிடு, அழுகை, ரோஜா. பிரேமா: "தங்கமான பொண்ணு. இருந்திருந்தா பெரிய டாக்டர்." இவள் என் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைக்கூடத் திறந்ததில்லை.

வகுப்பில் இரண்டு ஆ. மேரி. நான் ஜே. இன்னொருத்தி எஸ்., சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வருவாள், கடைசி பெஞ்ச். போனது அவள்தான். க்ளோரிக்கு ஒரு மேரிதான் ஞாபகம்.

"நான் உயிரோடு இருக்கிறேன்" என்று அடித்தேன். அழித்தேன். செத்தவளிடம், என்ன வேலை பார்க்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நிம்மதி. இரண்டு தோசை கூடுதலாகவே இறங்கியது.

ஜூலை 5, சனி

மாலை மழை. காயப்போட்ட துணி போச்சு.

அவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "அப்ப நாளைக்குச் சமையல்?" என்றார்.

குழுவில் புகழ் மாலை ஓயவில்லை. நான் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேனாம். பேனாகூடக் கொடுத்ததில்லை. புளுகுணிகள். நேற்று இனித்தது, இன்று குமட்டுகிறது. எஸ்.ஸைப் பற்றி ஒரு வரி இல்லை. அவள் சாவையும் நானே வாங்கிக்கொண்டேன், வாயை மூடிக்கொண்டு.

ஜூலை 6, ஞாயிறு

போனேன். பழைய காட்டன் சேலை, முக்காடு, கடைசி வரிசை. முன்னால் நாலு வரிசை மயில்கழுத்து. சாமியார் பெயரை வாசித்தார். எனக்கு நானே நித்திய இளைப்பாற்றி வேண்டிக்கொண்டேன்.

பூசை முடிந்ததும், வாசலோரம் வைத்திருந்த என் படத்தருகே ஓர் ஆள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. க்ளோரிதான் அவர்கள் பங்குச் சாமியார் மூலம் சொல்லி வரவழைத்தாளாம்.

"இது எங்க வூட்டம்மா படம் இல்லீங்களே" என்றார்.

க்ளோரி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, "பேரு கரெக்ட்தானே சார். ஆண்டவருக்குத் தெரியும்" என்றாள். செல்ஃபிக்குப் போய்விட்டாள்.

எழுந்துபோய் என் படத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினேன். அவர் என்னைப் பார்த்தார். கூடப் படித்தீர்களா என்றார். தலையாட்டினேன்.

"ஸ்கூல்ல எப்டிம்மா இருப்பா?"

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதுவது லீடர் வேலை. தினமும் முதல் பெயர் எஸ். ஆ. மேரி. அவள் வாயைத் திறக்காத நாளிலும் எழுதினேன்.

"நல்லாப் பேசுவா" என்றேன்.

"ஆமாம்மா. வூட்ல ஓயவே மாட்டா." சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க பேரு இன்னாம்மா?"

செல்ஃபிக் கூட்டத்துக்கும் கேட்கும்படி சொன்னேன். ஜே. ஆரோக்கிய மேரி, அடையாறு, ஸ்கேன் சென்டர், டோக்கன் கவுன்டர்.