கிணற்றுக்காக ஒரு மூலை நிலம்

குருக்கள்மடம்
4.5.2025

என் அருமைச் சகலன் வீரகத்திக்கு,

நாங்கள் நலம். நீ நலமென்பது வேலி தாண்டி வரும் உன் சத்தத்தில் தெரிகிறது. எழுபது வயதில் எழுத்துப் படித்து நான் எழுதும் முதல் கடிதம் இது. பக்கத்து வளவுக்கு எதற்குக் கடிதம் என்கிறாயா? வாயால் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய்.

அக்காவுக்கும் தங்கைக்கும் சீதனமாகப் பிரித்த வளவில் நம் இரு வீட்டுக்கும் ஒரே கிணறு. சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. ஐயா அதில் எடுத்துப்போன தண்ணீரின் முடிவு வந்தது. நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன்: “மலக்கிருமி உண்டு. குடிப்பதற்கு உகந்ததல்ல.” முழுவதையும் வாசித்த சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன். “தண்ணி பழுதெண்டு வாசிச்சுப்போட்டு என்ன பல்லக் காட்டுறீங்க?” என்று என் வீட்டுக்காரி புஸ்பம் ஏசினாள்.

தம்பி, உன் மகள் நிருஷாவின் புது வீட்டுக்குக் கக்கூசுக் குழி வெட்டக் கிணற்றடியில் முளை அடித்திருக்கிறாய். நம் நிலம் மணல். குழியில் விழுவது வாளியில் வரும். அங்கே வெட்டாதே. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

அன்புடன்,
கதிர்காமத்தம்பி


5.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. இவள் சீதேவிப்பிள்ளை கண்ணாடி போடாமலே வாசித்தாள்.

இன்னும் வெட்டாத குழியிலிருந்து கிருமி எப்படி வந்தது? கிணற்றை ஒட்டி இருப்பது உங்கள் மாட்டுப்பட்டி அல்லவா? “அத்தான் நம்மட குழியப் பாத்தார், தன்ட சாணியப் பாக்கல்ல” என்று இவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வந்து குடியிருக்கப்போகும் வீடு. கக்கூசு இல்லாமல் முடியுமா? முன்னால் றோட்டு, மறுபக்கம் இரத்தினம்மாவின் கிணறு. எங்கே வெட்டுவது? நீங்களே சொல்லுங்கள்.

வீரகத்தி


18.5.2025

தம்பி வீரகத்திக்கு,

நீ எழுதியது சரி. மாடுகளை வயல்வட்டைப் பக்கம் கொண்டுபோய்க் கட்டிவிட்டேன்.

பி.எச்.ஐ. ஐயா நாடா பிடித்து அளந்தார். கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடியாவது வேண்டுமாம். உன் வளவில் அப்படி இடமில்லை. பின்னால் நான் உழைத்து வாங்கிச் சேர்த்த துண்டின் மூலையில் இருக்கிறது. அங்கே புஸ்பத்தின் வாழைகள் நிற்கின்றன. தயங்கித்தான் கேட்டேன். “பிள்ளைக்குத்தானே, குடுங்க. வாழை எங்கயும் முளைக்கும்” என்றாள்.

வேலிக்குக் கீழால் குழாய் போட்டு அங்கே வெட்டு. நாளைக்கு யாரும் தகராறு பண்ணாமல் அந்த மூலையை நிருஷாவின் பேருக்கு எழுதிவிடுகிறேன்.

உன் சகலன்,
கதிர்காமத்தம்பி


2.7.2025

அன்புத் தம்பிக்கு,

கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டபின் எடுத்த தண்ணீர் நல்லதென்று முடிவு வந்துவிட்டது. புஸ்பம் ஒரு செம்பு அள்ளி அங்கேயே நின்று குடித்தாள்.

நேற்று நீயும் கூட வந்தாய். இருந்தாலும் எழுதவேண்டும்போல் இருக்கிறது. காணி உறுதி எழுதும் நொத்தாரிசு என் முன்னால் மைப்பெட்டியைத் தள்ளினார். “வேணாம் ஐயா, எழுதுவன்” என்றேன். இதுவரை எல்லா உறுதியிலும் என் பெருவிரல்தான். முதல் கையெழுத்து ஒரு கக்கூசுக் குழிக்கு! நீ வெளியே போய்ப் பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து, “அண்ணன், முடியல்லியா இன்னும்?” என்றாய். நான் பெயரில் பாதிதான் தாண்டியிருந்தேன்.

அவசரப்படவில்லை. பிள்ளைக்குக் கொடுக்கும் நிலம். எழுத்துக் கோணக்கூடாது.

கதிர்காமத்தம்பி