ரத்தம் வேண்டாம் என்ற டாக்டரம்மா

நவ. 3, திங்கள்

காலையிலிருந்து சாரல். கவர்மென்ட் ஆஸ்பத்திரி வார்டு ஜன்னலைச் சாத்த முடியவில்லை, கொக்கி உடைந்திருக்கிறது. அத்தையின் கால்மாட்டில் துண்டை மடித்துப் போட்டேன்.

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து நாலாவது நாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன இடத்தில் வழுக்கி விழுந்தது. இன்று இரண்டு இட்லி. தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவும் செய்தார். "ஏத்தா லதா, கோழிய அடைச்சாகளா?" மூன்று தடவை கேட்டாயிற்று. பண்ணைப்புரத்துக்கு போன் போட்டுப் பேச வைத்த பிறகுதான் அடங்கினார்.

வாங்க: பிளாஸ்க், கொசுவத்தி, இவருக்குச் செருப்பு.

டாக்டரம்மா வந்தார். சின்ன வயது, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. ஹெச்.பி. எட்டு புள்ளி ஆறு. ரத்தம் ஏற்ற வேண்டுமா என்று கேட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரி கேட்கச் சொல்லியிருந்தாள்.

"வேண்டாங்க. ரத்தப்போக்கு இல்ல, பிரஷர் நல்லா இருக்கு, சாப்பிடறாங்க. ரத்தமும் ஒரு மருந்துதானுங்க. தேவையில்லாம குடுத்தா அதுவே கெடுதல் பண்ணும். இவங்க இருதயம் ஏற்கெனவே வீக்கு. இரும்புச்சத்து ட்ரிப்புல போடறேன், மெதுவா ஏறும். எட்டுக்குக் கீழ போனா ஒரு பை. அதுவும் நிதானமா."

டெஸ்ட் டெஸ்ட் என்று தினமும் ரத்தம் எடுக்க வேண்டாம் என்று நர்ஸிடமும் சொன்னார். எனக்குப் புரிந்தது. நிம்மதி.

நவ. 4, செவ்வாய்

இவருடைய அண்ணன் திருப்பூரிலிருந்து வந்துவிட்டார். பஸ்ஸிலிருந்து நேரே வார்டுக்கு. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இவர்கள் அப்பா போன பிறகு களை எடுத்தும் கட்டுச் சுமந்தும் இரண்டு பேரையும் ஆளாக்கிய கை.

"என்ன இப்பிடி வெளுத்துக் கெடக்கு? ரத்தமே இல்லையே. ஏத்த மாட்டேங்குறாகளா?"

டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். முழுக்கச் சொன்னேனா, தெரியவில்லை.

"நீ எப்பத்தா டாக்டருக்குப் படிச்ச?" கோபமில்லை. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். இவர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மாவே வந்து பொறுமையாகச் சொன்னார். அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அந்தம்மா வராந்தா திரும்பியதும்: "ஏழைபாழைகன்னு எளக்காரம். ரத்தத்தக் கண்ணுல காட்ட மாட்டேங்குறாக."

போனில் சின்னமனூர் சித்தி: "எங்க தெருவுல ஒருத்தி ரெண்டு பாட்டில் ஏத்துனதும் எந்திரிச்சு நடந்தாளே." போடி மாமாவும் அதேதான். எல்லோருக்கும் அப்படி ஒருவரைத் தெரிந்திருக்கிறது.

நவ. 6, வியாழன்

தேனிக்கு மாற்றியாயிற்று. தனியார் ஆஸ்பத்திரி. அண்ணன்தான் கையெழுத்து. ஆம்புலன்ஸ் கிளம்பும்போது டாக்டரம்மா மழையில் இறங்கி வந்து என்னிடம், "ரத்தம் ஏத்தினா, இருதயம் வீக்குன்னு கட்டாயம் சொல்லுங்க. ஒரு பை குடுத்துட்டு நிறுத்திப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

இங்குள்ள டாக்டர் வந்தார், போனார். ரத்தம் ஏற்றச் சொல்லி அண்ணன்தான் பேசினார். நான் வாயெடுப்பதற்குள் அடுத்த அறை. நர்ஸிடம் சொன்னேன். "அதெல்லாம் பைல்ல இருக்கும்க்கா."

புது இடம். அத்தை எதுவும் சாப்பிடவில்லை.

நவ. 7, வெள்ளி

எழுதினால் மனசு கொஞ்சம் அடங்கும்.

காலையில் அண்ணன் ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பிளாஸ்திரியோடு வந்தார். "எங்க ஆத்தாவுக்கு எம் ரத்தம்" என்று எல்லோரிடமும் சொன்னார். அண்ணன் ரத்தத்தை ரத்த வங்கியில் வைத்துக்கொண்டு வேறொருவர் கொடுத்ததைத்தான் தருவார்கள் என்று அங்கேயே விளக்கினார்களாம். அவர் காதில் விழவில்லை. விழ வேண்டாம் என்றுதான் எனக்கும் இருந்தது.

முதல் பை முடிந்ததும் உடனே அடுத்ததை மாட்டினார்கள். "கொஞ்சம் பாத்துட்டுப் போடலாமே?" என்றேன். "ரெண்டையும் சேத்துதான் டாக்டர் சார் எழுதியிருக்காக" என்றாள் நர்ஸ். அண்ணனுக்குச் சந்தோஷம். "மொகம் தெளிஞ்சிருச்சு பாத்தியா!"

இரண்டாவது பை பாதி இறங்கியிருக்கும். அத்தைக்கு இருமல். படுக்க முடியவில்லை. என் சேலையைப் பிடித்துக்கொண்டார். "லதா, நெஞ்சுல கல்லத் தூக்கி வச்சாப்ல இருக்கு." நர்ஸைத் தேடி ஓடினேன். குழாயைக் கழற்றி, ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, ஐ.சி.யூ.

அண்ணனும் இவரும் மருந்து வாங்கப் போயிருந்தார்கள். ஐ.சி.யூ. டாக்டர் என்னிடம்தான் சொன்னார். "நுரையீரல்ல தண்ணி கோத்துருச்சும்மா. ரத்தம் அவ்வளவு வேகமா ஏறுனத இருதயம் தாங்கல."

இவரிடம் சொன்னேன். மருந்துப் பையை என் கையில் கொடுத்தார். பிறகு, "அண்ணங்கிட்டச் சொல்லிறாத. செத்துருவான்."

நவ. 9, ஞாயிறு

அத்தை காலையில் போய்விட்டார்.

ஊருக்குச் சொல்ல வேண்டும். இவருக்கு மாற்றுவேட்டி. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்ல வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை, ஏனென்று தெரியவில்லை. அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது.

நவ. 14, வெள்ளி

வெயில். பந்தல் பிரித்தாயிற்று. வாடகைச் சேர் இரண்டு குறைகிறது என்கிறார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சு. "மொதல்லயே ஏத்தியிருந்தா பொழச்சிருப்பாக." "அந்த டாக்டரம்மாதான் நாளக் கடத்திட்டாக." அண்ணன் கலெக்டருக்கு மனுக் கொடுக்கப் போகிறாராம். போடி மாமா தெரிந்த வக்கீல் ஒருவரை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்.

அடுப்படியில் இவரைப் பிடித்தேன். "இப்பவாவது சொல்லுங்க. அந்தம்மா என்ன தப்புப் பண்ணுனாக?"

"அவன் சோறு தின்னு அஞ்சு நாளாச்சு லதா. எதையாவது பிடிச்சுக்கிட்டுக் கெடக்கான். விடு."

முன்னறைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் முகத்தில் எலும்பு தெரிகிறது. "நீதானத்தா அங்கன இருந்த. ரத்தம் வேண்டாம்னு அந்தம்மா சொன்னாகளா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் பேனாவைத் திறந்தார்.

"சொன்னாக" என்றேன்.

ஏன் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.