மச்சாள் தந்த எண்ணெய்

குருநகர்,
19.01.2025

றொசாந்தியின் அப்பாவுக்கு,

மாதாவின் காவலில் நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். கட்டாரில் விடியற்புறம் குளிர் என்று சொன்னீர்கள். வேலைக்குப் போகும்போது சுவெற்றரை மறக்கவேண்டாம். லீவில் வந்த இராசநாயகம் அண்ணை வியாழக்கிழமை அங்கே திரும்புகிறார். மிளகாய்த்தூளும் இறால் கருவாடும் இந்தக் கடிதமும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

நான் சில கிழமையாகக் கமராவை மூடிவைத்துக் கதைத்ததால், "அம்மாவுக்கு என்னோடை கோபமோ" என்று பிள்ளையிடம் கேட்டீர்களாம். மாமியின் செத்தவீட்டுக்கு, பெற்ற மகன் நீங்கள் வரமுடியாமல் போனதை மனத்தில் வைத்திருக்கிறேன் என்று நினைத்தீர்களோ தெரியாது. அப்படி ஒன்றும் இல்லை. என் வலது கண் வீங்கிக் கிடந்தது. கண்டால் நீங்கள் அங்கே நித்திரை கொள்ளமாட்டீர்கள். அதுதான் மூடினேன்.

முதலில் மேல் இமையில் சின்னக் கண்கட்டி ஒன்றுதான் வந்தது. அதோடு பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்தேன். ரீச்சர் ஆரைப் பார்த்துக் கண்ணடிக்கிறா என்று வகுப்பின் பின்வாங்கில் இருந்த பெடியள் சிரித்தார்கள். சில நாளில் கட்டி தானாக உடைந்து வற்றியது.

அந்த நேரம்தான் உங்கள் அக்கா படலையடியில் வந்து நின்றார். எனக்குக் கண்கட்டி என்று பிள்ளை சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். மாமியின் செத்தவீட்டில், "ஸ்ரெல்லாவின்ரை கண்ணிலை ஒரு சொட்டுத் தண்ணி வரேல்லை" என்று சனத்துக்கு முன்னால் சொன்ன பிறகு மச்சாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை. அதைக் கேட்ட நாளிலிருந்து நீங்களும் அவருக்குப் போன் எடுப்பதை விட்டுவிட்டீர்கள். இப்போது கையில் ஒரு சின்னப் போத்தலோடு நின்றார். கண்ணுக்குக் காவலான லூசியம்மாள் திருநாளில் பாதர் ஆசீர்வதித்த எண்ணெய். பூசிப் பார் என்று தந்துவிட்டு, இருக்கச் சொன்னதையும் கேளாமல் போய்விட்டார்.

அவர் வந்த சந்தோசத்தில், கட்டி வற்றியிருந்தும் நான் கொஞ்சம் அதிகமாகவே பூசிவிட்டேன். கண்ணுக்குள்ளும் போய்விட்டது. காலையில் இமை திறக்கவில்லை. எரிவு, அரிப்பு, நிற்காத தண்ணீர். ஆனால் எனக்குக் கண்ணைவிட மற்றதுதான் பயம். எண்ணெயால் வந்தது என்று சொன்னால் அவர் இனி இந்தப் படலையைத் திறப்பாரா? பார்க்க வந்தபோது, குறைஞ்சிட்டுது மச்சாள் என்றேன். ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு சொன்ன பொய். அவர் போய் ஓட்டோவோடு வந்தார்.

கண்ணுக்கு என்ன போட்டீர்கள் என்று டொக்டர் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். பின்னால் நின்ற மச்சாள், "நான்தான் எண்ணெய் குடுத்தனான், டொக்டர். கோயில் எண்ணெய்" என்றார். டொக்டர் சிரிக்கவில்லை. அதை நெற்றியில் பூசிச் செபியுங்கள், கண்ணுக்கு வேண்டாம் என்றார். கட்டி போய்விட்டதாம், வீக்கம் ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் வற்றுமாம். கசக்கக்கூடாது, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியைக் காலையும் மாலையும் வைக்கச் சொல்லி, பூச ஒரு மருந்தும் தந்தார்.

திரும்பி வரும்போது நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். "அண்டைக்கு வராத தண்ணியெல்லாம் இண்டைக்கு ஓடுது" என்றார் மச்சாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். முதலில் சிரித்தது நான்தான்.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் பிளாஸ்கில் சுடுதண்ணீரோடு வருகிறார். என்னைப் படுக்கவைத்து, துணியைத் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் என் கண்ணில் வைப்பார். உங்களைத் தவிர வேறு யாரும் என்னை இப்படிப் பார்த்ததில்லை. ஒருநாள் துணி கண்ணில் இருக்கும்போது சொன்னார்:

"அண்டைக்கு நீ குசினிக்குள்ளை நிண்டு அவ்வளவு சனத்துக்கும் தேத்தண்ணி ஊத்தினனி. உனக்கு அழ நேரம் எங்கை இருந்தது? நான் அதை யோசிக்கேல்லை, ஸ்ரெல்லா."

துணிக்குள்ளே அழுதேன், மாமிக்காகவும்தான். அவர் அறிந்தாரோ தெரியாது. துணியை எடுத்துப் பிழிந்து, இன்னொருமுறை நனைத்து வைத்தார்.

இப்போது வீக்கம் நன்றாக வற்றிவிட்டது. பிளாஸ்க் இன்னும் வருகிறது. இப்போது அதில் தேத்தண்ணீர்.

எனக்காகத்தான் நீங்கள் அக்காவோடு கதைக்காமல் இருந்தீர்கள். அது எனக்குத் தெரியும். இனி வேண்டாம். வருகிற ஞாயிறு பூசைக்குப் பிறகு முதலில் அவருக்கு எடுங்கள். நான் கமராவைத் திறந்துவைத்துக் காத்திருப்பேன். இமையில் ஒரு சின்னத் தடிப்பு மிச்சம் இருக்கிறது, கண்டு பயப்படவேண்டாம்.

போத்தலில் மிஞ்சிய எண்ணெயையும் அனுப்புகிறேன். நெற்றியில் மட்டும் பூசுங்கள். எங்களைக் காக்கிற மாதா உங்களையும் காத்து, காலம் தாழ்த்தாமல் எங்கள் கண்ணெதிரே கொண்டுவந்து விடட்டும்.

உங்கள்
ஸ்ரெல்லா